ஹொலவே கவுண்டியின் சனத்தொகை

மனோர் பார்க், லண்டன்
9 ஒக்டோபர் 1988

டொக்டர் பாலேந்திரா அவர்களுக்கு,

கட்டின மனைவி இப்படியா எழுதுவாள் என்று யோசிக்க வேண்டாம். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நீங்கள் போனதிலிருந்து இரண்டு தரம் ரெலிபோனில் கதைத்தோம். இரண்டு தரமும் சண்டையில் முடிந்தது. இனி அது வேண்டாம். கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் சண்டை பிடிப்பதென்றாலும் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் தானாகவே ஆறிவிடும்.

ஹீத்ரோவில் நீங்கள் சொன்ன இரண்டு பேச்சு இன்னும் என் காதில் நிற்கிறது. முதலாவது, என் தம்பியைப் பற்றியது. "ராசன் இனி வரமாட்டான், தவம். அவனுக்காக நீர் இந்த வீட்டைக் காவல் காக்கிறதிலை ஒரு அர்த்தமும் இல்லை" என்றீர்கள். அவன் கடைசியாக மொஸ்கோவிலிருந்து ரெலிபோன் எடுத்தபோது சொன்னதெல்லாம் உங்களுக்கு மறந்துவிட்டதா? ஒரு துண்டுக் கடதாசிகூடக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று, களவாக லண்டனுக்குக் கூட்டி வருகிற ஏஜென்ற் சொல்லிவிட்டானாம். "அக்கா, உங்கட மனோர் பார்க் அட்ரசைப் பாடமாக்கி வைச்சிருக்கிறன்" என்று சொல்லி, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தான். இந்த உலகத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே வாசல் இதுதான். எத்தனை வருடம் ஆனாலும், அவன் வந்து தட்டும்போது திறக்க ஒருத்தர் இருக்க வேண்டாமா?

இரண்டாவது, "போறன்" என்றீர்கள். எங்கள் ஆட்கள் சந்திக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் "போட்டு வாறன்", போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். செத்த வீட்டிலிருந்துகூட நாங்கள் சொல்லாமல் எழும்பி வருவோமே தவிர, "போறன்" என்று சொல்வதில்லை. ஒரு சொல்லை மிச்சம் பிடித்து என்னத்தைக் கண்டீர்கள்?

பக்கத்து வீட்டு பெர்னடெற்றிடம் நீங்கள் ஹொலவேயில் இருப்பதாகச் சொன்னேன். "ஐயோ, உங்கட மனிசன் ஹொலவேயிலையோ? அது பொம்பிளையளின்ரை மறியல் அல்லோ!" என்று வாயில் கை வைத்துவிட்டாள். இந்த லண்டனில் ஹொலவே என்றால் எல்லாருக்கும் முதலில் பெண்கள் சிறைதான் ஞாபகம் வரும். அமெரிக்காவிலும் அந்தப் பெயரில் ஒரு கவுண்டி இருக்கிறது, எங்கள் மாவட்டம் மாதிரி, நாட்டுப்புறம், அங்கே உள்ளூர் டொக்டர்மார் போக விரும்பாததால் வெளிநாட்டு டொக்டர்மாரைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன். நம்பினாளோ தெரியாது.

ஆகவே, யாழ்ப்பாணத்தில் ஓ/எல் வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தவள் கேட்கிறேன். அந்த இடத்தைப் பற்றி ஒழுங்காக எழுதுங்கள். புவியியல், வரலாறு, சனத்தொகை. மூன்று தலைப்பு. புலம்பல் வேண்டாம். நான் புள்ளி போடுவேன்.

தவநாயகி


ஹொலவே கவுண்டி, நெப்ராஸ்கா
2 நவம்பர் 1988

தவம்,

முதலாம் தலைப்பு, புவியியல்.

எங்கு பார்த்தாலும் மணல். பாலைவனம் என்று எழுதினால் நீர் புள்ளியை வெட்டிவிடுவீர், அதனால் கவனமாக எழுதுகிறேன். மணல் குன்று குன்றாகக் கிடக்கிறது, அதன் மேல் புல் முளைத்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது. புல்லை உரித்தால் குன்று காற்றோடு போய்விடும் என்கிறார்கள். மரம் என்றால் யாராவது நட்டு வளர்த்த மரம். ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நிலத்துக்குக் கீழே கடல்போலத் தண்ணீர். மேய்ச்சல் நிலத்தின் நடுவே காற்றாடிகள் தன்பாட்டில் சுற்றிக்கொண்டு அந்தத் தண்ணீரை இழுத்து மாட்டுத் தொட்டியில் ஊற்றுகின்றன. ஆறில்லாத ஊரில் நிலத்தடி நீரை நம்பிச் சீவிக்கிற சனம் நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மனோர் பார்க்கிலிருந்து லண்டனின் மற்றக் கோடி மோர்டன் போகிற தூரம். ஆஸ்பத்திரி சின்னது, டொக்டர் நான் ஒருவன்தான். முதல் நாள் விலா எலும்பு முறிந்து வந்த பண்ணைக்காரர் ஒருவர், கட்டிலில் ஏறும் முன்னர் நான் எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எங்கட ஒமஹா நகரத்துக்கு அங்காலையோ?" என்றார். ஓம், கொஞ்சம் அங்கால்தான் என்று சொல்லிவிட்டேன்.

நோயாளிகளைப் பார்க்க நெடுந்தூரம் கார் ஓட்டுகிறேன். தனியே போகும்போது தமிழில் சத்தமாகக் கதைக்கிறேன். நேற்றுப் பின்னேரம் வானம் முழுவதும் ஒரே சிவப்பு. "இஞ்சாரும், இதைப் பாரும்" என்று பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டேன். பிறகு காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். இது புலம்பல் கணக்கில் வருமென்றால் ஒரு புள்ளியைக் குறையும்.

"போறன்" என்றது கோபத்தில். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ராசனைப் பற்றிச் சொன்னதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நான் நம்பாத ஒன்றை நம்புவதாக எழுத எனக்கு வராது. ஆனால் அதை அந்த இடத்தில் வைத்து உம்மிடம் சொல்லியிருக்கக் கூடாது.

பாலன்


மனோர் பார்க்
12 பெப்ரவரி 1989

இஞ்சாருங்கோ,

புவியியலுக்குப் பத்துக்கு ஐந்தரை. மழைவீழ்ச்சி எங்கே? குளிர்கால வெப்பநிலை எங்கே? மனோர் பார்க்கிலிருந்து மோர்டன் என்று எழுதினால் சோதனைக்காரர் என்ன, பஸ்ஸில் ஏறிப் போய் அளந்து பார்ப்பாரா? நீர்வளத்தைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தபடியால் அரைப் புள்ளி கூடப் போட்டேன். சிவப்பு வானத்துக்குப் புள்ளி வெட்டவில்லை.

எனக்குப் பள்ளிக்கூட வேலைதான் கிடைத்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டாம். மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் வர, நான் உருளைக்கிழங்கு மசியலும் கஸ்ரட்டும் போடுகிறேன். சாப்பாட்டு மண்டபச் சுவரில் பெரிய உலகப்படம் ஒன்று தொங்குகிறது. வேலை முடிந்ததும் கிட்டப் போய் நெப்ராஸ்காவைத் தேடிப் பிடித்தேன். கையைத் துடைக்க மறந்துபோனேன். இப்போது உங்கள் ஊருக்கு மேல் மஞ்சளாக ஒரு கஸ்ரட் பொட்டு இருக்கிறது. தினமும் தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு பரிமாறுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் சேர்ச் ரோட்டில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போகிறேன். மூன்று பெயருக்கு அர்ச்சனை. உங்களுக்கு, எனக்கு, ராசனுக்கு. ஐயருக்கு நட்சத்திரங்கள்கூடப் பாடமாகிவிட்டன.

கதவில் தட்டுகிற சத்தம் கேட்டால் இப்போதும் ஓடித்தான் போகிறேன். போன கிழமை கேஸ் மீற்றர் பார்க்க வந்தவன் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "சொறி" என்றான். அவன் என்ன பிழை செய்தான், பாவம்.

வரலாறு எழுதுங்கள்.

தவம்


ஹொலவே கவுண்டி
18 ஜூன் 1989

தவம்,

இரண்டாம் தலைப்பு, வரலாறு.

நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு அறையை நூலகம் என்கிறார்கள். அங்கே இந்தக் கவுண்டியின் சரித்திரம் என்று தடித்த புத்தகம் ஒன்று. "1884ஆம் ஆண்டு இங்கே முதல் மனிதர் வந்தார்" என்று தொடங்குகிறது. அங்கே இருந்த கிழவரிடம், அதற்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். "அதுக்கு முன்னம் ஒருத்தரும் இல்லை. இந்தியர்கள் மட்டும்தான்" என்றார். சொல்லி முடித்ததும் என் முகம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "நீங்கள் அந்த இந்தியர் இல்லைத்தானே?" என்று அவசரமாகக் கேட்டார். நான் எந்த இந்தியனும் இல்லை என்று விளங்கப்படுத்தப் பின்னேரம் ஆகிவிட்டது.

அங்கே சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. லகோட்டா, பவ்னி என்று பெயருள்ள சனங்கள் காலங்காலமாக வேட்டையாடித் திரிந்த நிலம் இது. அவர்களைத் துரத்திவிட்டு, "முதல் மனிதர் வந்தார்" என்று எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு நாள் எவனாவது இப்படி முதல் வரி எழுதுவானோ என்று பயமாக இருக்கிறது.

மிச்சத்தைக் கேளும். ஐந்து வருடம் நின்று பிடித்தால் நிலம் உனக்கு என்று அரசாங்கம் சொன்னது. வந்தவர்கள் புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாகப் பேர்த்து அடுக்கி வீடு கட்டினார்கள். பலர் குளிருக்கு நின்றுபிடிக்க முடியாமல் ஓடினார்கள். ரயில் வந்தது, நாலு பட்டினம் எழும்பியது. ரயிலை நிறுத்தினார்கள், மூன்று பட்டினம் படுத்துவிட்டது. ஒரு காலத்தில் ஐயாயிரம் பேர் இருந்த கவுண்டியில் இன்றைக்கு ஆயிரம் பேரும் இல்லை. மாடுகளை எண்ணினால் நாங்கள் பெரிய நகரம்.

அந்தப் புத்தகத்தில் எல்லாப் பக்கத்திலும் புருஷன் முதலில் வருகிறான், மனைவி பிறகு வருகிறாள். வராத மனைவிகளைப் பற்றி ஒரு பக்கமும் இல்லை. அவர்களின் புருஷன்மார் என்ன ஆனார்கள் என்றும் எழுதவில்லை. உம்முடைய விசாவுக்கு வேண்டிய கடதாசிகளை எல்லாம் போன கிழமை அனுப்பினேன். கிடைத்ததா?

பாலன்


மனோர் பார்க்
8 மார்ச் 1990

இஞ்சாருங்கோ,

வரலாற்றுக்கு எட்டுப் புள்ளி போட்டு வைத்து மாதக்கணக்காகிவிட்டது. எழுதத் துணிவு வரவில்லை. விசாக் கடதாசிகள் கிடைத்தன. அமெரிக்கத் தூதரகக்காரர் என் கடவுச்சீட்டில் விசாவும் குத்தித் தந்துவிட்டார்கள். மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கிறது.

இன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அமெரிக்கா பாடமாம். கஸ்ரட் வாங்க வந்த ஒரு சின்னப் பெட்டை, படத்தில் இருக்கிற மஞ்சள் பொட்டு என்ன ஊர் என்று கேட்டாள். நான் கரண்டியோடு நின்று சொல்லத் தொடங்கினேன். மணல் குன்று, அதைப் பிடித்து வைத்திருக்கிற புல், நிலத்துக்குக் கீழே தண்ணீர், தன்பாட்டில் சுற்றுகிற காற்றாடி. வரிசை நின்றுவிட்டது. பிள்ளைகள் தட்டோடு சுற்றி நின்று கேட்டார்கள். எத்தனை வருடம் ஆகிவிட்டது, பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நான் ஒரு நிலத்தைப் பற்றிச் சொல்லி! மேற்பார்வைக்காரி வந்து விரட்டினபோதுதான் நிறுத்தினேன். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று அந்தப் பெட்டை கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கண்ணால் கண்டவள் மாதிரித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்தப் புல்லைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. உங்கள் காரில் பக்கத்து இருக்கையில் இருந்து அந்தச் சிவப்பு வானத்தைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது. இதை எழுதி முடிக்கும் முன்னர்

வாசலில் யாரோ தட்டுகிறார்கள். வாறன்.

தவம்


ஹொலவே கவுண்டி
3 ஏப்ரல் 1990

தவம், என்ரை தவம்,

கடைசிச் சொல்லை ஆஸ்பத்திரி வாசலில் நின்று படித்தேன். சிரித்த சிரிப்பில் தாதி ஓடிவந்து பார்த்தாள். வாறன்! எவ்வளவு நாளாக இந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்தேன். திகதியை எழுத மறந்துவிட்டீர். அதற்கென்ன, எப்போது வந்தாலும் சரி. டென்வருக்கு வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மூன்றாம் தலைப்பு, சனத்தொகை. பத்து வருடத்துக்கு ஒரு தரம் எடுக்கிற கணக்கெடுப்பு இந்த ஏப்ரல் முதலாம் திகதி நடந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு என்று எழுதி, உம்முடைய பெயரையும் அழகாக எழுதிக் கொடுத்துவிட்டேன். சட்டப்படி பிழைதான். இன்றைக்கோ நாளைக்கோ வந்து சேரப்போகிறவள்தானே என்று நினைத்தேன்.

தபாற்கந்தோரை நடத்துகிற டொலறசுக்கு மட்டும் சொன்னேன். டொலறஸ் என்றவுடன் எங்கள் குருநகர்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஆள் என்று நினைக்க வேண்டாம், இங்கே பிறந்த வெள்ளைக்காரிதான். அவளிடம் சொன்னால் கவுண்டிக்கே சொன்ன மாதிரி. மறுநாள் தேவாலயத்துப் பெண்கள் யன்னலுக்குச் சேலை தைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருத்தி மெத்தை விரிப்புக் கொண்டுவந்தாள். விலா எலும்புக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, "டொக்டர், எங்கட சனத்தொகை கூடுது!" என்றார். இங்கே எல்லாரும் சாவுக்கும் பட்டினத்துக்கும்தான் போகிறார்கள். ஒரு ஆள் கூடுவது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஒமஹாவில் ஒரு மூட்டை அரிசி வாங்கி வைத்திருக்கிறேன். வாரும்.

பாலன்


மனோர் பார்க்
19 ஏப்ரல் 1990

உங்களுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அன்றைக்கு வாசலில் தட்டிய சத்தம் கேட்டது. ராசனாக்கும் என்று பேனையைப் போட்டுவிட்டு ஓடினேன். கடிதத்தில் "வாறன்" என்று எழுதியது, எழும்பிப் போகும்போது எல்லாரும் சொல்கிற "வாறன்". உங்களிடம் விடை பெற்றேன், அவ்வளவுதான். வந்தது பெர்னடெற், சீனி கேட்டு. திரும்பிவந்து மேலே ஒன்றும் எழுத மனம் வராமல் பெயரை மட்டும் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு "வாறன்" என்றால் போகிறதும் வருகிறதும் இரண்டும்தான் என்று தெரியாதா?

என்னைக் கேட்காமல் என்னை எப்படி எண்ணினீர்கள்? யன்னல் சேலை தைத்த பெண்களுக்கு நான் இப்போது என்ன முகத்தைக் காட்டுவேன்? நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, தம்பியை நான் கைவிட்டுவிட்டேன் என்று நம்பிவிட்டீர்கள். அவ்வளவு சந்தோஷமாக நம்பியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது.

அரிசியைப் பூச்சி பிடிக்க முன்னர் சமைத்துச் சாப்பிடுங்கள்.

தவநாயகி


ஹொலவே கவுண்டி
25 நவம்பர் 1990

அன்புள்ள தவநாயகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்துப் பல மாதம் ஆகிறது. நீங்கள் வரவில்லை என்பதை இங்குள்ளவர்களிடம் சொல்லிவிட்டேன். விரிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். கணக்கெடுப்புக் காரியாலயத்துக்குத் திருத்தச் சொல்லி எழுதினேன், பதில் வரவில்லை.

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கடும் பனி. வேலை அதிகம்.

சி. பாலேந்திரா


மனோர் பார்க்
28 ஏப்ரல் 1991

இஞ்சாருங்கோ,

என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கலியாணத்துக்கு முதல் நாள்கூட என்னை நீங்கள் "நீர்" என்றுதான் கூப்பிட்டீர்கள். அந்தக் கடிதத்தை வாசித்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்ததோ என்று பார்த்தேன். நான் கோபத்தில் மரியாதை கூட்டுகிறவள். நீங்களும் பழகிவிட்டீர்கள் என்று விளங்கியது. ஐந்து மாதம் அழுதேன், பிறகும் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஒன்று நடந்துவிட்டது.

போன ஞாயிறு இங்கேயும் குடிசன மதிப்பு. படிவம் வந்தது. எந்த இனம் என்று இம்முறை புதிதாகக் கேட்டிருந்தார்கள். இந்தியர், பாகிஸ்தானியர் என்று எல்லாருக்கும் பெட்டி போட்டிருக்கிறார்கள், எங்களைக் காணவில்லை. "வேறு" என்ற பெட்டிக்குள் எழுதினேன். அது போகட்டும். வழமையாக இந்த வீட்டில் வசிப்பவர், ஆனால் அன்றைக்கு வீட்டில் இல்லாதவர் யாராவது இருந்தால் அவர் பெயரை எழுதும்படியும் கேட்டிருந்தார்கள்.

உங்கள் பெயரை எழுதவில்லை. நீங்கள்தான் அங்கே எண்ணுப்பட்டுவிட்டீர்களே. கை தன்பாட்டில் ராசனின் பெயரை எழுதியது. ஆனந்தராஜா, ஆண், பிறந்த திகதி. இந்த வீட்டு வாசலை அவன் ஒரு நாளும் மிதித்ததில்லை. நானும் உங்களைப் போலத்தான், இல்லாத ஆளை வீட்டில் எண்ணிவிட்டேன். என்னைக் கேட்காமல் எண்ணினீர்கள் என்று உங்களைத் திட்டினேனே. அவனிடம் நான் கேட்டேனா?

அப்போதுதான் விளங்கியது, நீங்கள் எந்த மனத்தோடு என் பெயரை எழுதியிருப்பீர்கள் என்று.

என்னை நீர் என்று எழுதுங்கள். வேறு ஒன்றும் இப்போது கேட்கவில்லை.

தவம்


ஹொலவே கவுண்டி
30 ஜூன் 1991

தவம்,

நீர், நீர், நீர். போதுமா?

உம்முடைய கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் புலம்பல் என்பீர். நீர் வரவில்லை என்று தெரிந்த பிறகும் நான் யன்னல் சேலையைக் கழற்றவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

பட்டின வாசலில் புதுப் பச்சைப் பலகை போட்டுவிட்டார்கள். சனத்தொகை 411. என் திருத்தக் கடிதம் எங்கேயோ தொலைந்துவிட்டது போலும். அந்த நானூற்றுப் பதினொன்றில் ஒன்று நீர். காரில் உள்ளே வரும்போதெல்லாம் அதைக் கடந்துதான் வரவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கார் ஓட்ட ஏலாதுதானே.

எழுத வேறு பெரிய விஷயம் இல்லை. தபாற்கந்தோரில் சொந்தமாக ஒரு பெட்டி எடுத்திருக்கிறேன், இனி ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டாம். பெட்டி இலக்கம் உறையில் இருக்கிறது. அதையும் எழுத மறந்தால் பரவாயில்லை. இங்கே ஒரு ஆளின் பெயரும் கவுண்டியின் பெயரும் இருந்தால் போதும், டொலறஸ் ஆளைத் தேடிப் பிடித்துவிடுவாள். பெயர் தெரிந்த ஆளுக்கு வந்த கடிதம் இங்கேயிருந்து ஒரு நாளும் திரும்பிப் போனதில்லையாம். உம்முடைய லண்டனில் பக்கத்து வீட்டுக் கடிதம் எங்கள் வீட்டுக்கு வரும்.

வாரும் என்று கேட்கமாட்டேன். காருக்குள் பக்கத்து இருக்கையில் இப்போது ஒன்றும் வைப்பதில்லை.

பாலன்


ஹொலவே கவுண்டி
16 நவம்பர் 1991

தவம்,

நேற்று டொலறஸ் என் பெட்டியில் ஒரு கடிதம் போட்டிருந்தாள். லண்டன் முத்திரை, உம்முடைய கையெழுத்து. உறையில் என் பெயர் இல்லை. "ஆனந்தராஜா, ஹொலவே கவுண்டி, நெப்ராஸ்கா" என்று மட்டும் இருந்தது.

நீர் ஏன் இப்படி எழுதி அனுப்பினீர் என்று யோசித்தேன். விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். உமக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும்.

பெட்டி எடுக்கும்போது, அதற்கு யார் யார் பெயரில் கடிதம் வரும் என்று டொலறஸ் கேட்டாள். என் பெயரைச் சொன்னேன். உம்முடைய பெயரைச் சொன்னேன். பிறகு ராசனின் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். இவர் யார் என்று கேட்டாள். "மனைவியின்ரை தம்பி. எங்கட வீட்டு ஆள்தான், இன்னும் வந்து சேரயில்லை" என்றேன். அவள் வேறொன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டாள். நீர் குடிசன மதிப்பில் அவனை எழுதிய கடிதம் கிடைத்த அந்தக் கிழமைதான் இது. உமக்குச் சொன்னால், உம்மை வரவழைக்கச் செய்த வேலை என்று நினைப்பீரோ என்று பயந்தேன்.

அவன் வருவான் என்று எனக்கு இப்போதும் தெரியாது, தவம். பொய் சொல்லமாட்டேன். ஆனால் வந்தால் அவன் பெயர் தெரியாத ஊராக இது இருக்கக் கூடாது.

அந்தக் கடிதத்தை நான் திறக்கவில்லை. அது அவனுக்கு வந்த கடிதம். பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அவன் வந்து திறக்கட்டும்.

பாலன்


மனோர் பார்க்
5 ஜனவரி 1992

இஞ்சாருங்கோ,

அது நான் வைத்த சோதனை. பெயர் தெரிந்த ஆளின் கடிதம் திரும்பி வராது என்று எழுதியிருந்தீர்களே. என் தம்பியின் பெயர் அந்த ஊருக்குத் தெரியாதுதானே என்று, உறையின் முதுகில் என் விலாசத்தை எழுதி அனுப்பினேன். அப்படி ஒருவரும் இங்கில்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வரும், வந்தால் நான் இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவோடு இருந்தேன். தபால்காரன் வரும்போதெல்லாம் அந்த உறையைத்தான் தேடினேன். வந்தது உங்கள் கடிதம். குசினி நிலத்தில் இருந்து படித்தேன். அழுததை எழுதமாட்டேன்.

பெர்னடெற்றின் அக்கா குடும்பம் இந்த வீட்டுக்கு வருகிறது. பெர்னடெற் எப்போதும்போலப் பக்கத்து வீடுதான். இரண்டு பேரையும் வாசலில் நிறுத்தி, உங்கள் பெட்டி விலாசத்தைப் பாடமாக்கச் சொன்னேன். எழுதி வைக்க விடவில்லை. கடதாசி தொலைந்துவிடும். பெர்னடெற் முதல் தரம் ஒப்புவித்தபோது நெப்ராஸ்காவை விட்டுவிட்டாள். "தங்கச்சி, நெப்ராஸ்காவை விட்டால் பெடியன் நேரே மறியலுக்கெல்லோ போவான்!" என்று அவளுடைய அக்கா அதட்டினாள். இப்போது இரண்டு பேரும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறார்கள். அவன் வந்து தட்டினால், கதவைத் திறக்கிறவள் சொல்லுவாள். கேட்டதைப் பாடமாக்க அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மூன்று பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். அடுத்த கிழமையிலிருந்து வரமாட்டேன் என்று ஐயரிடம் சொன்னேன். பெயர்கள் தனக்குப் பாடம், தான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

உங்கள் மூன்று தலைப்புக்கும் சேர்த்துப் பத்துக்கு ஒன்பது. சனத்தொகையில் ஒரு ஆள் பிழையாக இருக்கிறது. அந்தப் பலகையை நேரில் வந்து சரிப்படுத்துகிறேன்.

இம்முறை பிழையாக விளங்கக் கூடாது என்பதற்காக, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல எழுதுகிறேன். நான் வருகிறேன். பெப்ரவரி ஒன்பதாம் திகதி, டென்வர் விமான நிலையம். பக்கத்து இருக்கையில் ஒன்றும் வைக்காதீர்கள்.

அன்றைக்குக் காலையில் இந்த வாசலைப் பார்த்து, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவேன். எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு அதில் பாதி போதும்.

வாறன்.

தவம்